கீழே கொட்டிய தண்ணீர் 100 டிகிரியைத் தொடாமலே எப்படிக் காய்கிறது?

தேடல்வாசி எழுதியது:

தண்ணீரின் கொதிநிலை 100 டிகிரி செல்சியஸ், அங்கேதான் அது ஆவியாக மாறும் என்று படித்திருக்கிறோம். ஆனால் தரையில் கொட்டிய தண்ணீர் 25, 30 டிகிரிக்கு மேல் போவதே இல்லை. வெயில் எட்டிப் பார்க்காத அறையிலும், நள்ளிரவிலும், சில மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. அப்படியானால் அந்த 100 என்ற எண் எதைத்தான் குறிக்கிறது?

"மேற்பரப்பில் இருக்கும் வேகமான மூலக்கூறுகள் தப்பிப் போய்விடும்" என்ற பதில் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அதை ஏற்றுக்கொண்டாலும் எனக்கு உறுத்தல் தீரவில்லை. வேகமானவை போய்விட்டால் மிஞ்சுவது மெதுவானவை மட்டும்தானே? பாதியிலேயே ஆவியாவது நின்றுபோக வேண்டாமா? அடுப்பே இல்லாமல் அத்தனை நீரையும் ஆவியாக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? பாடநூல் வரியைத் திருப்பிச் சொல்லாமல், உள்ளே இறங்கி விளக்கக் கூடியவர்கள் இருந்தால் நிதானமாக எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.

வானம்பாடி எழுதியது:

நான் புரிஞ்சுகிட்ட வரைக்கும் இதுதாங்க: 25 டிகிரிங்கிறது சராசரி. சில மூலக்கூறுகள் 10 டிகிரியில இருக்கும், சிலது 100 டிகிரியைத் தொட்டுடும். அப்படித் தொட்டது மட்டும் ஆவியாப் போகும். தண்ணி முழுக்கக் கொதிக்க வேண்டியதில்லை, ஒவ்வொரு மூலக்கூறும் தனித்தனியாக் கொதிச்சுப் போகுது. இப்படிச் சொல்லலாமா?

துகள்வழி எழுதியது:

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், வானம்பாடி. பாதி வழி சரியாக வந்துவிட்டீர்கள். மூலக்கூறுகளுக்கிடையே ஆற்றல் சமமாகப் பங்கிடப்படவில்லை என்பது உண்மை. 1860-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வாயு மூலக்கூறுகளின் வேகங்கள் எப்படிப் பரவியிருக்கும் என்று கணக்காகக் காட்டினார். பின்னால் லுட்விக் போல்ட்ஸ்மன் அதை விரிவாக்கினார். நீருக்குள்ளும் மூலக்கூறுகளின் இயக்க ஆற்றல் அதே வகையில்தான் பரவியிருக்கிறது.

ஆனால் தனி ஒரு மூலக்கூறுக்கு வெப்பநிலை என்று ஒன்று கிடையாது. எண்ணற்ற மூலக்கூறுகள் மோதி மோதி ஆற்றலைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டத்துக்குத்தான் வெப்பநிலை உண்டு. ஆகவே "இந்த மூலக்கூறு 100 டிகிரியில் இருக்கிறது" என்று சொல்லவே முடியாது.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 100 டிகிரி என்பது தப்பிப்பதற்கான தகுதி மதிப்பெண்ணே அல்ல. எண்களைப் பாருங்கள். ஒரு மோல் நீரை, அதாவது 18 கிராமை, 25 டிகிரியில் ஆவியாக்க சுமார் 44 கிலோஜூல் வேண்டும். வாயு மாறிலியைத் தனி வெப்பநிலையால் (கெல்வின் அளவில் சொல்லும் வெப்பநிலை) பெருக்கினால், வெப்ப அசைவில் புரளும் ஆற்றலுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். 25 டிகிரியில் அது மோலுக்கு 2.5 கிலோஜூல். தேவையோ அதைப்போல் ஏறத்தாழ 18 மடங்கு. சரி, 100 டிகிரிக்குப் போவோம். அங்கே தேவை 40.7, கையிருப்பு 3.1. அப்போதும் 13 மடங்கு!

அதாவது, தளதளவென்று கொதிக்கும் நீரிலும் சராசரி மூலக்கூறால் வெளியேற முடியாது. அங்கேயும் வழக்கத்துக்கு மிஞ்சிய ஆற்றல் பெற்றவைதான் போகின்றன. 25 டிகிரியில் அப்படிப்பட்டவை குறைவு, 100-இல் அதிகம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எண்ணிக்கையில்தான். ஒரு பக்கம் "முடியாது", மறுபக்கம் "முடியும்" என்று பிரிக்கும் கோடு எந்த டிகிரியிலும் இல்லை.

தேடல்வாசியின் முதல் உறுத்தலுக்கும் விடை இங்கேயே இருக்கிறது. வேகமானவை போனபின் மிஞ்சியவை மெதுவாகவே கிடப்பதில்லை. நீரில் ஒரு மூலக்கூறு தன் அண்டை மூலக்கூறுகளுடன் கொண்ட ஹைட்ரஜன் பிணைப்பு ஏறத்தாழ நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரமே நிலைக்கிறது. அந்த வேகத்தில் இழுபறியும் மோதலும் நடப்பதால் ஆற்றல் கைமாறிக்கொண்டே இருக்கும். ஒரு கணம் முன்பு மந்தமாகக் கிடந்தது அடுத்த கணம் நான்கைந்து மோதல்களில் அடுத்தடுத்து ஆற்றல் வாங்கி வெளியே பாயலாம். வேகமானவர் பட்டியல் ஒவ்வொரு கணமும் புதிதாக எழுதப்படுகிறது.

தேடல்வாசி எழுதியது:

கொதிக்கும் நீரிலும் 13 மடங்கு வேண்டும் என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இதுவரை எந்த விளக்கத்திலும் இந்த எண்ணைப் பார்த்ததில்லை. அப்படியானால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 100-இல் அப்படி என்னதான் நடக்கிறது?

துகள்வழி எழுதியது:

குமிழி உயிர்பிழைக்கிறது. அவ்வளவுதான் நடக்கிறது, ஆனால் அது சின்ன விஷயம் இல்லை.

மூடிய பாத்திரத்தில் நீரை வைத்தால், வெளியேறும் மூலக்கூறுகளும் திரும்பி விழுபவையும் சமமாகும்வரை மேலே ஆவி சேரும். அப்போது ஆவி தரும் அழுத்தம்தான் நிறைவுற்ற ஆவியழுத்தம். அது 20 டிகிரியில் 2.3 கிலோபாஸ்கல், 25-இல் 3.2, 30-இல் 4.2. ஏற ஏற வேகமெடுத்து 100 டிகிரியில் 101.3 கிலோபாஸ்கலைத் தொடும். கடல்மட்டத்தில் வளிமண்டலம் நம்மை அழுத்துவதும் சரியாக அந்த 101.3-தான்.

இப்போது 25 டிகிரி நீரின் நடுவில் ஓர் ஆவிக் குமிழி தோன்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து வெளியே தள்ளுவது 3 கிலோபாஸ்கல், வெளியிலிருந்து உள்ளே நெரிப்பது 101. அந்தக் குமிழி பிறந்த கணமே நசுங்கிவிடும். வெப்பநிலை 100-ஐ எட்டும்போதுதான் உள்ளழுத்தம் வெளியழுத்தத்துக்கு ஈடுகொடுக்கிறது. அதன்பின் நீரின் அடிமட்டத்திலும் ஆவி பிறந்து, குமிழியாக வளர்ந்து, மேலேறி வர முடியும். (அடுப்பில் வைத்த நீரில் கொதிக்கும் முன்பே ஓரங்களில் ஒட்டும் சிறு குமிழிகள் வேறு. அவை நீரில் கரைந்திருந்த காற்று.)

மேற்பரப்பில் இருக்கும் மூலக்கூறுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது குமிழி எழுப்ப வேண்டியதில்லை, வளிமண்டலத்தைத் தள்ளி இடம் பிடிக்க வேண்டியதில்லை. காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே நிறைய வெற்றிடம் கிடக்கிறது, அதில் நுழைந்துவிட்டால் போதும். ஆகவே ஆவியாதல் மேற்பரப்பில் எந்த வெப்பநிலையிலும் நடக்கும். கொதித்தல் நீரின் உடல் முழுவதும் நடப்பது, அதற்கு வெளியழுத்தத்தின் அனுமதி வேண்டும்.

நெடுமலை எழுதியது:

மலையேற்றத்தில் ஈடுபாடு உள்ளவன் என்பதால் ஒன்று சேர்க்கிறேன். எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். அங்கே நீர் 70 டிகிரி அருகிலேயே கொதித்துவிடும். சுமார் 19 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் 6.3 கிலோபாஸ்கலாகக் குறைந்துவிடுவதால், நம் உடல் வெப்பமான 37 டிகிரியே கொதிநிலை ஆகிவிடுகிறது. அழுத்த உடை இல்லாமல் அங்கே யாரும் பிழைக்க முடியாது. 100 என்பது நீரின் குணம் மட்டுமில்லை, மேலே இருக்கும் காற்றின் எடையும் அதில் அடக்கம்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லாரும் "நீர் எப்படிக் காய்கிறது" என்றே கேட்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கேட்க வேண்டியது தலைகீழான கேள்வி: நீர் ஏன் இவ்வளவு மெதுவாகக் காய்கிறது?

25 டிகிரி நீரின் மேற்பரப்பிலிருந்து எத்தனை மூலக்கூறுகள் வெளியே பாய்கின்றன என்று கணக்கிட வாயுக்களின் இயக்கவியல் கொள்கையில் ஒரு வாய்பாடு உண்டு. நிறைவுற்ற நிலையில் திரும்பி விழுபவை எத்தனையோ, வெளியேறுபவையும் அத்தனை. விழும் எண்ணிக்கையை அழுத்தத்திலிருந்து எடுத்துவிடலாம். மேற்பரப்பில் வந்து மோதும் ஒவ்வொன்றும் நீரில் ஒட்டிக்கொள்ளும் என்று எடுத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டரிலிருந்து நொடிக்குச் சுமார் 3.4 கிலோகிராம் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு சதுர மீட்டர் பரவிய நீரின் எடை 1 கிலோகிராம். அதாவது வெளியேறுபவை எதுவும் திரும்பாமலும், நீர் குளிராமலும் இருந்தால், கொட்டிய நீர் நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில் காணாமல் போயிருக்கும்!

அப்படி ஏன் நடப்பதில்லை? வெளியேறிய மூலக்கூறு நொடிக்கு 600 மீட்டர் அளவிலான வேகத்தில் கிளம்புகிறது. ஆனால் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போவதற்குள் காற்று மூலக்கூறில் மோதி, திசைமாறி, மறுபடி மோதி, பெரும்பாலும் நீரிலேயே வந்து விழுகிறது.

அடுத்த கணக்கு. 25 டிகிரியில் நிறைவுற்ற காற்றில் கன மீட்டருக்கு 23 கிராம் ஆவி இருக்கும். அறையின் ஒப்பு ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் அங்கே 11.5 கிராம். நீரை ஒட்டி 5 மில்லிமீட்டர் தடிமனுக்கு அசையாத காற்றுப் படலம் இருப்பதாகக் கொள்வோம். இந்தத் தடிமன் என் அனுமானம், அறைக்கு அறை மாறும். காற்றில் நீராவியின் விரவல் கெழு, அதாவது ஆவி காற்றுக்குள் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதன் அளவு, நொடிக்கு 0.25 சதுர சென்டிமீட்டர். இவற்றைப் போட்டால் ஒரு சதுர மீட்டரிலிருந்து நொடிக்கு 0.06 கிராம்தான் உண்மையில் தப்புகிறது. ஒரு மில்லிமீட்டர் நீர் காய ஏறத்தாழ ஐந்து மணி நேரம். நாம் பார்க்கும் அனுபவத்தோடு ஒத்துப்போகிறதா இல்லையா?

3.4 கிலோகிராமையும் 0.06 கிராமையும் வகுத்துப் பாருங்கள். வெளியே பாயும் ஏறத்தாழ அறுபதாயிரம் மூலக்கூறுகளில் ஒன்றுதான் கணக்கில் நிற்கிறது. மற்றவற்றின் இடத்தை ஆவியிலிருந்து திரும்பி விழுபவை நிரப்பிவிடுகின்றன. நீரைவிட்டு வெளியேறுவது நொடிக்கு நொடி நடப்பது. காலதாமதம் முழுவதும் மேலே நிற்கும் காற்றால்.

இளவேனில் எழுதியது:

கணக்குப்பிள்ளை சொல்வது எனக்குத் தலைகீழாகப் படுகிறதே. காற்றுதானே தண்ணீரை இழுத்துக்கொள்கிறது? உப்பு நீரில் கரைவதுபோல நீர் காற்றில் கரைகிறது, சூடான காற்று அதிகம் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும் என்றுதான் வானிலை விளக்கங்களிலும் சொல்கிறார்கள். காற்று தடையாக இருக்கிறது என்றால் மின்விசிறி போட்டதும் ஏன் சீக்கிரம் காய வேண்டும்?

துகள்வழி எழுதியது:

இளவேனில், நீங்கள் சொல்லும் கரைசல் கருத்து 18-ஆம் நூற்றாண்டில் பல அறிஞர்கள் உறுதியாக நம்பியதுதான். 1751-இல் பிரான்சில் சார்ல் லெ ருவா அதை விரிவாகவே எழுதினார். அந்தக் காலத்துத் தரவுகளை வைத்துப் பார்த்தால் நியாயமான ஊகமும்கூட. அதை ஆட்டம் காண வைத்தவர் ஜான் டால்டன். 1802-இல் வெளியான அவருடைய ஆய்வுரைகளைப் படித்தால் எவ்வளவு எளிய கருவிகளை வைத்து எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று வியப்பாக இருக்கும். அவர் கண்டது: ஒரு மூடிய இடத்தில் சேரும் நீராவியின் அளவை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. அங்கே காற்று இருக்கிறதா, வெற்றிடமா என்பது பொருட்டே இல்லை. காற்றுதான் நீரைக் கரைக்கிறது என்றால் வெற்றிடத்தில் ஆவியே சேரக் கூடாது. ஆனால் அங்கேயும் அதே அளவு சேர்கிறது, அதுவும் வேகமாகச் சேர்கிறது, குறுக்கே மோத எதுவும் இல்லாததால்.

ஆகவே "சூடான காற்று அதிகம் தாங்கும்" என்பது பேச்சு வசதிக்குச் சொல்வது. தாங்குவது காற்று அல்ல. சூடான நீரின் ஆவியழுத்தம் அதிகம், அவ்வளவே.

மின்விசிறிக்கு வருவோம். நீருக்கு மேலேயே தேங்கி நிற்கும் ஈரப் படலத்தை அது கலைத்து மெலிதாக்குகிறது. கணக்குப்பிள்ளையின் கணக்கில் 5 மில்லிமீட்டரை 1 மில்லிமீட்டர் ஆக்கிப் பாருங்கள், ஐந்து மணி நேரம் ஒரு மணி நேரமாகிவிடும். காற்று நகரும்போது உதவுகிறது, நிற்கும்போது தடுக்கிறது. விசிறி இல்லாவிட்டாலும் கொஞ்சம் கலக்கம் உண்டு. நீராவியின் மூலக்கூறு நிறை 18, காற்றின் சராசரி 29. எனவே ஈரக் காற்று வறண்ட காற்றைவிட இலேசு, மெல்ல மேலெழும்.

வானம்பாடி எழுதியது:

அப்ப கொட்டின தண்ணி டம்ளர்ல இருக்கிற தண்ணியை விடச் சீக்கிரம் காயறது பரப்பளவால மட்டும்தானா?

கணக்குப்பிள்ளை எழுதியது:

பெரும்பங்கு அதுதான். 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள டம்ளரில் 100 மில்லிலிட்டர் இருந்தால் திறந்த பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் தடிமனில் தரையில் பரப்பினால் 1000 சதுர சென்டிமீட்டர், 35 மடங்கு. இன்னொன்றும் உண்டு: டம்ளரின் சுவர் நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்து நின்றால் அதற்குள் ஈரக் காற்று தேங்கும், அசையாத படலம் சென்டிமீட்டர் கணக்கில் தடித்துவிடும்.

தேடல்வாசி எழுதியது:

ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. துகள்வழி சொன்ன மோலுக்கு 44 கிலோஜூல் என்பதை ஒரு கிலோகிராமுக்கு மாற்றினால் சுமார் 2440 கிலோஜூல் வருகிறது. அதே நீரை 25-லிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கவே 314 கிலோஜூல்தானே? கிட்டத்தட்ட எட்டு மடங்கு ஆற்றலை ஒரு குளிர்ந்த தரை எப்படிக் கொடுக்கும்?

வேதிக்கூடம் எழுதியது:

ஆய்வகத்தில் கரைப்பான்களோடு தினமும் புழங்குவதால் இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நீர் தன் சொந்தக் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது, அதனால் அது குளிர்கிறது. குளிர்ந்ததும் தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் சுவர்களின் கதிர்வீச்சிலிருந்தும் வெப்பம் அதற்குள் பாயும். ஆவியாதல் எடுக்கும் வெப்பமும் சுற்றுப்புறம் கொடுக்கும் வெப்பமும் சமமாகும் இடத்தில் நீரின் வெப்பநிலை நின்றுவிடும். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது ஏறக்குறைய இந்தச் சமநிலையைத்தான். 30 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றில் அது சுமார் 22 டிகிரி காட்டும். உங்கள் தரை நீரும் அறையைவிடச் சற்றுக் குளிர்ந்துதான் கிடக்கிறது. தரையோடு ஒட்டிக்கிடப்பதால் அவ்வளவு இறங்காது. "கொதிக்காமல் காய்கிறதே" என்று வியக்கிறோம், உண்மையில் அது குளிர்ந்துகொண்டே காய்கிறது!

சுற்றுப்புறம் கொடுப்பதைவிட வேகமாக ஆவியாக்கினால் என்ன ஆகும்? 1756-இல் எடின்பரோவில் வில்லியம் கல்லன், ஈதர் என்ற எளிதில் ஆவியாகும் திரவத்தைக் குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கிப் பனிக்கட்டி உண்டாக்கிக் காட்டினார். 1810-இல் அதே நகரில் ஜான் லெஸ்லி காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவைக்குள் நீரையும் அடர் கந்தக அமிலத்தையும் வைத்தார். அமிலம் ஆவியை உறிஞ்ச உறிஞ்ச, நீர் தன் வெப்பத்தை இழந்து உறைந்தே போனது. அழுத்தத்தை 611 பாஸ்கலுக்குக் கொண்டுவந்தால் 0.01 டிகிரியில் நீர், பனிக்கட்டி, ஆவி மூன்றும் ஒன்றாக நிற்கும். கொதிப்பதும் உறைவதும் ஒரே குடுவையில், ஒரே நேரத்தில். நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும், இந்தத் தலைப்பில் இதை யாரும் சொல்லாமல் விடக் கூடாது. பாதரசத்தின் கொதிநிலை 357 டிகிரி. "கொதிக்காமல் ஆவியாகாது" என்று நம்புகிறவர் உடைந்த வெப்பமானியிலிருந்து சிந்திய பாதரசத்தை அப்படியே விட்டுவிடுவார். ஆனால் அறை வெப்பநிலையிலேயே அது மெல்ல ஆவியாகிக்கொண்டிருக்கும், அந்த ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கொதிநிலையை ஆவியாதலின் தொடக்கம் என்று தவறாகப் புரிந்துகொள்வது உயிருக்கே ஆபத்தாகும் இடம் இது.

இளவேனில் எழுதியது:

பாதரச விஷயம் புதிது, நன்றி. பனிக்கட்டிக்கும் இது பொருந்துமா? உறைநிலைக்குக் கீழே காயப்போட்ட துணி விறைத்துப்போய், பிறகு உருகாமலே காய்ந்துவிடும் என்று படித்திருக்கிறேன்.

துகள்வழி எழுதியது:

பொருந்தும். மைனஸ் 10 டிகிரியில் பனிக்கட்டியின் ஆவியழுத்தம் சுமார் 260 பாஸ்கல். குறைவுதான், ஆனால் சுழியம் அல்ல. காற்று வறண்டிருந்தால் திண்மத்திலிருந்து நேராக ஆவியாகிப் போய்விடும்.

நெடுமலை எழுதியது:

கடைசியாக ஒரு சந்தேகம். கடல்நீரோ உப்புநீரோ கொட்டினால் அதுவும் இதே வேகத்தில் காயுமா?

வேதிக்கூடம் எழுதியது:

கொஞ்சம் மெதுவாக. உப்பு அயனிகள் கலந்திருப்பதால் நீரின் ஆவியழுத்தம் இறங்கும். கடல்நீரில் இறக்கம் 2 சதவீதம்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் காயக் காய உப்பின் செறிவு ஏறும். உப்பு இனி கரையாது என்ற அளவுக்குச் செறிந்த கரைசலின் ஆவியழுத்தம் தூய நீரில் உள்ளதில் சுமார் 75 சதவீதம்தான். எனவே காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாளில் கொட்டிய உப்புநீர் எத்தனை நாள் கிடந்தாலும் முழுதாகக் காயாது. அதே காற்றில் உலர்ந்த உப்பைத் திறந்து வைத்தால் வெளியேறும் மூலக்கூறுகளைவிட வந்து ஒட்டுபவை அதிகமாகி, உப்பு தானாகவே நீர் கோத்துக்கொள்ளும்.